ஹூவர் அணையின் அடியிலிருந்து வில்லோ பீச் வரை: பிளாக் கேன்யன் கயாக் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லாஸ் வேகாஸ் பக்கம் வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஹூவர் அணையின் மேல் நின்று கீழே எட்டிப் பார்ப்பார்கள், நாலு படம் எடுப்பார்கள், வண்டியேறிவிடுவார்கள். கீழே பாறைகளுக்கு நடுவில் பச்சையாக ஒரு கோடு தெரியும். அதுதான் கொலராடோ ஆறு. அந்தக் கோட்டின் மேல் கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகில் உட்கார்ந்து, 221 மீட்டர் உயர அணையையும் அதற்கு முன்னால் வானத்தை வெட்டிக்கொண்டு நிற்கும் பாலத்தையும் அண்ணாந்து பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம். நான் நான்கு முறை போய்விட்டேன். இரண்டு முறை முழு நாள், இரண்டு முறை அரை நாள். முதல் முறை போவதற்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இது பாலைவனத்து ஆறு; ஆனால் இயற்கையின் போக்கில் ஓடும் ஆறு அல்ல. மேலே ஓர் அணை திறந்தால் வரும், குறைத்தால் இறங்கும். தண்ணீர் ஏன் இவ்வளவு குளிர்ச்சி, ஏன் இவ்வளவு தெளிவு, மதிய சாப்பாட்டுக்குக் கரையில் ஏற்றிவைத்த கயாக் ஏன் மிதக்கிறது, புறப்படவே ஏன் அனுமதிச் சீட்டு வேண்டும் என எல்லாக் கேள்விக்கும் பதில் அந்த அணையில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவருக்கு இந்தப் பயணம் சுலபம்.

எந்தப் பயணம் உங்களுக்கு?

அணைக்குக் கீழே, பிளாக் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில், கொலராடோ ஆறு நெவாடா, அரிசோனா இரு மாநிலங்களின் எல்லையாக ஓடுகிறது. கீழ்நோக்கிப் போகும்போது வலக்கரை நெவாடா, இடக்கரை அரிசோனா. இந்தப் பகுதியைச் சேர்த்து 30 மைல் நீர்வழியை 2014இல் தேசிய நீர்ப்பாதையாக அறிவித்தார்கள். லேக் மீட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதிக்குள் வருகிறது. தேசியப் பூங்கா சேவைதான் நிர்வாகம்.

வழிகாட்டியோடு போகும் பயணங்களில் மூன்று வகை உண்டு. அணையின் அடியில் இறங்கி, அரிசோனா கரையில் உள்ள வில்லோ பீச் வரை சுமார் 12 மைல், அதாவது 19 கிலோமீட்டர் போகும் முழு நாள் பயணம் ஒன்று. வில்லோ பீச்சிலிருந்தே கிளம்பி, ஆற்றை எதிர்த்து இரண்டு மைல் போய் எமரால்டு குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அரை நாள் பயணம் இன்னொன்று. மூன்றாவது, நடுவில் கரையில் கூடாரம் போட்டு இரவு தங்குவது.

துடுப்பே பிடித்திராதவர், நீச்சல் தெரியாதவர், வயதான பெற்றோர், பள்ளிப் பிள்ளைகள் என்றால் அரை நாள் பயணமே போதும். ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பாவை அதில்தான் கூட்டிப்போனேன். 64 வயதில் இரட்டைக் கயாக்கில் முன்னால் உட்கார்ந்து நன்றாகவே துடுப்புப் போட்டார். முழு நாள் பயணத்துக்கு ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்து துடுப்புப் போடும் தோளும் முதுகும் வேண்டும். இதற்கு முன் ஏதாவது ஓர் ஏரியிலாவது இரண்டு மணி நேரம் கயாக் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எப்போது போவது

என் தேர்வு அக்டோபர், நவம்பர் தொடக்கம். மார்ச், ஏப்ரல் மாதங்களும் நல்லவைதான். ஆனால் வசந்த காலத்தில் காற்று அதிகம், அந்தக் காற்று என்ன பாடு படுத்தும் என்று பின்னால் சொல்கிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கருத்த எரிமலைப் பாறைச் சுவர்கள் பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் திருப்பி உமிழும். கரையிலிருந்து வெந்நீர் ஊற்றுகளுக்கு ஏறும் சில நடைபாதைகளைக் கோடையில் பூங்கா நிர்வாகமே மூடிவிடுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை இன்னொரு ஆபத்தும் உண்டு: எங்கோ தொலைவில் பெய்த மழை, நீங்கள் நிற்கும் கிளைப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாக வந்து சேரும். தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும்.

கிழமையும் முக்கியம். அணைக்கும் வில்லோ பீச்சுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஞாயிறும் திங்களும் மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லை. முடிந்தால் திங்கட்கிழமை போங்கள். மோட்டார் சத்தமும் அலையும் இல்லாத அந்த அமைதியில், சுவரில் மோதித் திரும்பும் உங்கள் துடுப்பின் சொட்டுச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நெவாடா மாற்றும். ஆகவே கோடையில் இரு கரையும் ஒரே நேரம். குளிர்காலத்தில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால். கைபேசி எந்தக் கரையின் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். நவம்பர் தொடக்கத்துக்குப் பின் போகிறீர்கள் என்றால் "எந்த மாநில நேரம்?" என்று ஷட்டில் வண்டிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி, அடையாள அட்டை, வழிகாட்டி

அணையின் அடிவாரம் பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கிறது. சொந்தக் கயாக் வைத்திருந்தாலும் நீங்களாக ஓட்டிப்போய் அங்கே இறக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள்தான் அனுமதிச் சீட்டு வாங்கி, தங்கள் வண்டியில் உங்களை வாசல் தாண்டி அழைத்துப்போகும். பயணிகள் எல்லாருடைய பெயரும் முன்கூட்டியே போகும். காலையில் அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு அது பாஸ்போர்ட்தான். அசலைக் கொண்டுபோங்கள், கைபேசியில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம். தண்ணீரில் இறங்கும்முன் அதை இரண்டு ஜிப் பைகளுக்குள் போட்டு, தண்ணீர் புகாத உலர்பைக்குள் வையுங்கள். அரை நாள் பயணம் பொதுக் கரையிலிருந்து கிளம்புவதால் இந்தக் கெடுபிடி கிடையாது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? காற்று பலமாக இருந்தால் ரத்து செய்வீர்களா, பணம் திரும்ப வருமா? வழிகாட்டியிடம் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி உண்டா? பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் கைபேசிக்குச் சிக்னல் இல்லை என்பதால் இந்தக் கடைசிக் கேள்வி அவசியம். "காற்று எவ்வளவு அடித்தாலும் போவோம்" என்று பெருமையாகச் சொல்கிறவரிடம் போகாதீர்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் அதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உயிர்காப்புச் சட்டை உங்களை மிதக்க வைக்கும்; ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டவுடன் வரும் பதற்றத்தை அது நிறுத்தாது. போவதற்கு முந்தைய வாரம், இடுப்பளவு நீச்சல் குளத்தில் உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மல்லாந்து மிதந்து பாருங்கள். அரை மணி நேரப் பயிற்சி போதும், உடம்புக்கு நம்பிக்கை வந்துவிடும்.

தண்ணீருக்காக உடுத்துங்கள், வெயிலுக்காக அல்ல

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அணை தண்ணீரை எடுப்பது, தான் தேக்கிவைத்திருக்கும் லேக் மீட் ஏரியின் மேற்பரப்பிலிருந்து அல்ல, ஆழத்திலிருந்து. வெயில் எட்டாத அந்தத் தண்ணீர் மின் உற்பத்திச் சுழலிகள் வழியாக வெளியே வருகிறது. வெளியே 38 டிகிரி வெயில் அடிக்கும்போதும் அணையின் அடியில் தண்ணீர் 12, 13 டிகிரி செல்சியஸ்தான். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் சற்று நேரம் வைத்த தண்ணீர்ப் புட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் விழப்போகிறீர்கள்.

அவ்வளவு குளிரில் திடீரென்று விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, தானாக வாய் திறந்து இழுக்கும். உயிர்காப்புச் சட்டை அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். அடுத்த பத்து நிமிடம் கை கால் சொன்ன பேச்சைக் கேட்கும். கயாக்கில் ஏறவோ கரை சேரவோ அதுதான் நேரம். அதற்குப் பிறகு விரல்கள் மரத்துப்போகும். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஒன்று, பத்து, ஒன்று. குளிர்நீர்ப் பாதுகாப்பில் எல்லா வழிகாட்டிகளும் சொல்லித்தரும் கணக்கு இது.

ஆகவே பருத்தி வேண்டாம். ஜீன்ஸும் காட்டன் டி-ஷர்ட்டும் நனைந்தால் உடம்போடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் உலரும் செயற்கை இழைச் சட்டை, முழுக் கை, கணுக்கால் வரை கால்சட்டை. நவம்பருக்குப் பின் என்றால் வெட்சூட் (குளிர்நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) இருக்கிறதா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். மாற்றுத்துணி ஒரு செட் உலர்பைக்குள் இருக்கட்டும். காலுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம். முதல் சேற்றிலேயே கழன்று போய்விடும். பின்வார் வைத்த செருப்பு அல்லது பழைய ஓட்டக் காலணி. தொப்பிக்குத் தாடைக் கயிறு, மூக்குக்கண்ணாடிக்குப் பின்கயிறு. சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்குத்துளையின் ஓரத்திலும் தடவுங்கள். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்து சுடும்; தொப்பி அதற்கு உதவாது.

உயிர்காப்புச் சட்டையைப் பூட்டியபின் பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காதுவரை ஏறினால் தளர்வாக இருக்கிறது. பக்க வார்களை இழுங்கள்.

ஆளுக்கு நான்கு லிட்டர் குடிநீர், இரண்டு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம். சாப்பாட்டுக்கு நான் உருளைக்கிழங்கு மசாலா வைத்துச் சுருட்டிய சப்பாத்தி கொண்டுபோவேன். ஒரு கையால் சாப்பிடலாம், சிந்தாது. புளியோதரையும் கெடாது, கரையில் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்தால். கண்ணாடிப் புட்டியும் தெர்மோகோல் பெட்டியும் இந்தப் பூங்காவில் தடை. உலர்பையை மூடும்போது முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயை மூன்று முறை இறுக்கமாகச் சுருட்டிக் கொக்கி மாட்டுங்கள். இரண்டு சுருட்டு போதாது. பிறகு அதைக் கயாக்கோடு கட்டுங்கள். மிதந்து போன பையைத் துரத்தப் போய்த்தான் பலர் கவிழ்கிறார்கள்.

கழிப்பறை விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். வழியில் கழிப்பறையை நம்பியிருக்க முடியாது. கழிவை அடைத்து எடுத்துவரும் பைகள் வழிகாட்டியிடம் இருக்கும். எங்கே ஒதுங்கலாம் என்று அவரே சொல்வார். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பெண்கள் பலர் செய்கிறார்கள். பாலைவனத்தில் அது நேராக மயக்கத்தில் கொண்டுபோய் விடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

துடுப்பு போடுவது எப்படி

கிளம்பும் கரையில் வழிகாட்டி பத்து நிமிடம் சொல்லித்தருவார். காலைப் பரபரப்பில் பாதி காதில் ஏறாது. முன்பே தெரிந்துகொண்டால் நல்லது.

துடுப்பைத் தலைமேல் படுக்கையாக வையுங்கள். முழங்கைகள் இரண்டும் செங்கோணத்தில் மடங்கும் இடம்தான் பிடி. அந்த அகலத்தை மாற்றாமல் முன்னால் இறக்குங்கள். பிடி தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் மாலைக்குள் உள்ளங்கையில் கொப்புளம் நிச்சயம்.

கையால் இழுக்காதீர்கள் என்பதுதான் அடுத்த பாடம். அம்மா மத்துக் கயிறு பிடித்துத் தயிர் கடைவதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு மாறி மாறி வரும், ஆனால் சுழல்வது மத்து. இங்கே உங்கள் கைகள் கயிறு, இடுப்புக்கு மேலான உடம்பு மத்து. வலப்பக்கம் துடுப்பு போடும்போது வலத்தோள் முன்னால் போகும்படி உடம்பைத் திருப்பி, துடுப்பின் இலையைக் கால்விரல் பக்கத்தில் முழுக்க நனையும்படி வையுங்கள். வலக்காலால் கால்தாங்கியை அழுத்திக்கொண்டே உடம்பை நேராகத் திருப்புங்கள். இடுப்பு வந்ததும் இலையை வெளியே எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இழுத்தால் படகு திரும்பும், முன்னே போகாது. தோள் வலித்தால் கையால் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். வயிற்றின் பக்கவாட்டில் மெல்லிய வலி வந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

திரும்புவதற்கு, துடுப்பைக் கால் பக்கத்திலிருந்து படகின் வால் வரை அரைவட்டமாக வீசுங்கள். வலப்பக்கம் வீசினால் படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். நிறுத்த, இரு பக்கமும் மாறி மாறிப் பின்னோக்கித் தள்ளினால் போதும். இரட்டைக் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் திசை. பின்னால் இருப்பவர்தான் முன்னவரைப் பார்த்துச் சேர்ந்து போட வேண்டும்.

கவிழ்ந்தால்? துடுப்பை விடாதீர்கள், கயாக்கையும் விடாதீர்கள். ஓட்டம் இருக்கும் இடத்தில் கயாக்குக்கு மேற்புறம், அதாவது நீர் வரும் பக்கம் இருங்கள். கீழ்ப்புறம் இருந்தால் படகுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். மல்லாந்து, பாதங்களை நீர் போகும் பக்கம் நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேல் தெரிய மிதந்து போங்கள். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். கல்லிடுக்கில் பாதம் சிக்கினால் தண்ணீர் உங்களைக் கவிழ்த்து அமுக்கிவிடும்.

ஆற்றில் இறங்கியபின்

கரைகளில் மைல் பலகைகள் இருக்கின்றன. எண்கள் கீழே இருக்கும் டேவிஸ் அணையிலிருந்து எண்ணப்பட்டவை; ஹூவர் அணை 64, வில்லோ பீச் 52. எண் குறையக் குறைய வீடு நெருங்குகிறது. டேவிஸ் அணை தேக்கிய லேக் மொஹாவே நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதிதான் இந்தப் பள்ளத்தாக்கு. அதனால் மேலே ஓட்டம் நன்றாக இருக்கும், கீழே போகப் போகச் செத்துவிடும். கடைசி நான்கு மைலை உங்கள் தோளால்தான் கடக்க வேண்டும். காலையில் ஓட்டம் சுகமாக இழுத்துப்போகும்போது வேகம் காட்டித் தோளைத் தீர்த்துவிடாதீர்கள்.

கிளம்பியதும் தலைக்கு மேல் ஓ'காலஹன்–டில்மன் நினைவுப் பாலம், 2010இல் திறந்தது, ஆற்றுக்கு மேல் சுமார் 270 மீட்டர் உயரத்தில். அதில் போகும் லாரிகள் தீப்பெட்டி மாதிரி தெரியும். சற்றுக் கீழே நெவாடா கரையில் சானா குகை. அணை கட்டிய 1930களில் தொழிலாளர்கள் பாறையைக் குடைந்தபோது வெந்நீர் பீறிட்டு வர, அப்படியே விட்டுவிட்டுப் போன சுரங்கம். உள்ளே இருட்டு, கணுக்காலளவு சுடுநீர், நீராவி. தலைவிளக்கு இல்லாமல் போகாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவும் வேண்டாம்.

அதற்குப் பின் வெந்நீர் ஊற்றுகள் வரிசையாக வரும்: நெவாடா பக்கம் கோல்ட் ஸ்டிரைக், பாய் ஸ்கவுட் கேன்யன், 60ஆம் மைலை ஒட்டி அரிசோனா பக்கம் அரிசோனா ஹாட் ஸ்பிரிங்ஸ். நிலத்தடியில் சூடேறிய நீர் பாறைப் பிளவுகளில் கசிந்து வருகிறது. கரையோரம் கயாக்கில் இருந்தபடியே கையை நீட்டினால், ஒரு விரலுக்குச் சூடும் அடுத்த விரலுக்குக் குளிரும் படும் இடங்கள் உண்டு. அரிசோனா ஊற்றுக்குக் குறுகிய பாறை இடுக்கு வழியே கொஞ்ச தூரம் நடந்து, இருபதடி இரும்பு ஏணியில் ஏற வேண்டும். மணல் மூட்டை அடுக்கித் தேக்கிய குளங்கள். மேல் குளம் நல்ல சூடு, கீழ்க் குளம் இதம்.

இந்தக் குளங்களில் தலையை முக்காதீர்கள். கேரளத்தில் செய்திகளில் அடிபட்ட மூளை தின்னும் அமீபா, நெக்லேரியா ஃபௌலேரி, இங்கேயும் இருக்கக்கூடும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அது மூக்கு வழியாகத்தான் ஏறும். கழுத்துவரை உட்காருங்கள், முகத்தில் தண்ணீர் தெளித்து விளையாட வேண்டாம். பிள்ளைகள் இருந்தால் பக்கத்திலேயே இருங்கள்.

அந்த ஏணிக்கு நாங்கள் போய் வந்த நேரத்தில்தான் எனக்கு இந்த ஆறு பாடம் சொன்னது. கயாக்குகளைத் தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளி மணலில் இழுத்து வைத்துவிட்டுப் போனோம். கட்டச் சொல்லி வழிகாட்டி சொன்னார். பத்தடி இருக்கிறதே என்று நான் கட்டவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தால் மணலே இல்லை. கட்டிய கயாக்குகள் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன, என்னுடையது நடு ஆற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனது. வழிகாட்டி துடுப்புப் போட்டு விரட்டிப் பிடித்தார். மழையும் இல்லை, மேகமும் இல்லை. நகரங்களில் மின் தேவை ஏற, அணையில் கூடுதல் தண்ணீரைத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே நாளில் சில அடி ஏறி இறங்குவது இங்கே வழக்கம். அன்றிலிருந்து கரையேறியதும் முதல் வேலையாகத் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைக்கிறேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். குச்சி என்ன சொன்னாலும் சரி, கயாக்கைப் பாறையிலோ மரத்திலோ கட்டாமல் நகர்வதில்லை. இரவு தங்குபவர்கள் கூடாரத்தையும் அந்தக் கணக்கில் மேலே போட வேண்டும்.

ஊற்றை ஒட்டித்தான் ரிங்போல்ட் சுழிப்பு. இன்று சிறு சலசலப்பு. கயாக்கை நேராக ஓட்டத்தின் போக்கில் வைத்துத் துடுப்பை நிறுத்தாமல் போட்டால் அரை நிமிடத்தில் கடந்துவிடலாம். அணைக்கு முன்னால் இது நீராவிக் கப்பல்களையே திணறடித்த இடம். பாறையில் இரும்பு வளையம் அடித்து, அதில் வடத்தைக் கோத்து, கப்பல் தன் சொந்த இயந்திரத்தால் தன்னையே மேலே இழுத்துக்கொண்டு போகும். வளையத்தைக் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். 1858இல் ஜோசப் ஐவ்ஸ் என்ற ராணுவ அதிகாரி 'எக்ஸ்ப்ளோரர்' என்ற சிறு நீராவிக் கப்பலில் கொலராடோவில் எதிர்த்து வந்து, இந்தப் பள்ளத்தாக்கின் கீழ்வாயிலில் பாறையில் மோதி நின்றார். மேலே சிறு படகில்தான் வர முடிந்தது.

அவர் பார்த்த ஆற்றின் நிறமே வேறு. கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறம். வண்டல் அவ்வளவு ஓடியது. இப்போது அந்த வண்டல் முழுக்க லேக் மீடில் படிந்துவிடுவதால், இங்கே பல அடி ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லும் தெரிகிறது. கண்ணுக்கு அழகுதான். ஆனால் கலங்கலிலும் வெதுவெதுப்பிலும் வாழப் பழகிய ரேஸர்பேக் சக்கர், போனிடெயில் போன்ற இந்த ஆற்றின் சொந்த மீன்களுக்கு இது அந்நியத் தண்ணீர். அருகிப்போன அவற்றை வில்லோ பீச்சில் உள்ள மீன் பண்ணையில் குஞ்சிலிருந்து வளர்த்து விடுகிறார்கள்.

பாறைகளில் பெருங்கொம்பு ஆடுகளைத் தேடுங்கள். பாறை நிறத்திலேயே இருக்கும், அசைந்தால்தான் தெரியும். மேலிருந்து சிறு கற்கள் உருண்டு விழும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பாருங்கள், பெரும்பாலும் அவைதான். அப்படியே சுவரை விட்டுக் கொஞ்சம் விலகியும் போங்கள்.

54ஆம் மைல் பக்கம் பாறையில் ஒட்டவைத்தது போல ஒரு சிறு கட்டடம் தெரியும். அணை கட்டிய காலத்தில் ஆற்றின் மட்டம், வேகம், வண்டல் ஆகியவற்றை அளந்த நிலையம். அளப்பவர் அருகில் ஒரு வீட்டில் தங்கி, பாறை ஓரத்தில் அடித்த நடைபாலத்தில் நடந்து, கம்பியில் தொங்கும் கூடையில் ஆற்றைக் கடந்து தினமும் வேலைக்குப் போயிருக்கிறார். அந்த நடைபாலத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது.

கொஞ்சம் கீழே, அரிசோனா கரையில் எமரால்டு குகை. குகை என்று பெயர், நாலைந்து கயாக் நுழையும் பொந்துதான். நண்பகலை ஒட்டிச் சூரியன் சரியான கோணத்தில் இருக்கும்போது வெளிச்சம் தண்ணீரின் அடிவரை போய், அங்கிருந்து பச்சையாக எழுந்து பாறைக் கூரையில் வலை வலையாக ஆடும். துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருங்கள். முதலில் உங்கள் துடுப்பின் அடிப்பக்கம் பச்சையாகும், அப்புறம் முன்னால் இருப்பவரின் கன்னம். வெளியே மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவதே முறை.

காற்று

குகையிலிருந்து வில்லோ பீச் இரண்டு மைல்தான். ஆனால் பிற்பகலில் தெற்கிலிருந்து காற்று எழுந்தால், பள்ளத்தாக்கு அதைப் புனல் போலக் குவித்து நேராக முகத்தில் அடிக்கும். ஓட்டமும் செத்துப்போன இடம். துடுப்பை நிறுத்தினால் படகு பின்னால் போகும். முந்தைய இரவே முன்னறிவிப்பைப் பாருங்கள். மணிக்கு 15 மைலுக்கு மேல் என்றால் நான் நாளை மாற்றிவிடுவேன், பணம் போனாலும் சரி.

நடுவழியில் மாட்டிக்கொண்டால் நடு ஆற்றில் போராடாதீர்கள். கரையை ஒட்டி, வளைவுகளின் உட்புறம், பாறை மறைப்புகளில் ஒதுங்கி ஒதுங்கிப் போங்கள். உடம்பை முன்னால் சாய்த்து, துடுப்பைத் தாழ்வாக, சிறு சிறு வீச்சாக. படகின் மூக்கு காற்றுக்கு நேராக இருக்கட்டும். பக்கவாட்டில் வாங்கினால் கவிழும். வழிகாட்டி எல்லாரையும் கயிறு கட்டி இழுக்க முன்வந்தால் மறுக்காதீர்கள். அவர் கரையேறிக் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். சூரியன் இறங்கும்போது பெரும்பாலும் காற்றும் இறங்கும்.

கரையேறியபின்

வில்லோ பீச்சில் கயாக் மணலில் தட்டியதும் உடனே குதிக்காதீர்கள். இத்தனை மணி நேரம் மடங்கியிருந்த கால் மரத்திருக்கும். துடுப்பைக் குறுக்காக வைத்து ஊன்றி, கால்களை நீட்டி மடக்கி, பிறகு எழுங்கள். உலர்ந்த துணிக்கு மாறுங்கள். நிழலில் நின்றால் குளிர் அப்போதுதான் தெரியும்.

ஷட்டில் வருவதற்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. லேக் மீடில் 2007இல் குவாகா சிப்பி என்ற வேற்றுநாட்டுச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. கீழேயும் பரவிவிட்டது. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வேறு ஏரிக்குப் போய்விடும். கயாக்கை நிறுவனத்தார் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் காலணி, கயிறு, உலர்பை ஆகியவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும். சேற்றைத் தட்டுங்கள், தேங்கிய நீரை அங்கேயே கொட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழுவி வெயிலில் போடுங்கள். உள்ளே தையல் இடுக்குவரை முழுக்கக் காயும்வரை அந்தக் காலணியோடு வேறு எந்தத் தண்ணீரிலும் இறங்காதீர்கள்.